கேட்டியளா? குமரியில் ஐந்து நாள், ஒரு மைக்கோடு

ஆகஸ்ட் 20, 2025, புதன் – நாகர்கோவில்

நாகர்கோவில்காரர்கள் எதைச் சொன்னாலும் கடைசியில் ‘கேட்டியளா’ என்று ஒரு வால் சேர்ப்பார்கள். ‘நேத்து நல்ல மழை, கேட்டியளா.’ ‘அந்தக் கடையில தோசை கொள்ளாம், கேட்டியளா.’ கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் இப்படிப் பேசும்போது, ‘கேட்டாச்சுடா, மேல சொல்லு’ என்று கிண்டல் செய்வோம். இருபத்திரண்டு வருடம் கழித்து அவன் ஊருக்கு, நிஜமாகவே கேட்பதற்காக வந்து இறங்கியிருக்கிறேன்.

நான் மதுரையில் விளம்பரப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்து பிழைப்பவன். நண்பன் இங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வாரக் கடைசியில் கடலோர ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கிறான். படம் காட்டியாயிற்று, பேச்சுப் போட்டி வைத்தாயிற்று, பதாகை பிடித்து ஊர்வலமும் போயாயிற்று. பிள்ளைகளுக்கும் அலுத்துவிட்டது, அவனுக்கும் அலுத்துவிட்டது. “நம்ம மாவட்டத்துச் சத்தத்தையெல்லாம் எடுத்து ஒரு பத்து நிமிஷத்துக்குக் கோத்துத் தாடே. குளம், காடு, கடல். இருட்டில உக்கார வச்சுப் போட்டுக் காட்டுவோம்” என்றான். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு ஆலய மண்டபம் கிடைக்கும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

இதென்ன பெரிய காரியம், இரண்டு நாளில் முடித்துவிட்டுப் பழம்பொரி தின்று திரியலாம் என்றுதான் நினைத்தேன்.

வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் போனில் இருந்த டெசிபல் செயலியைத் திறந்தேன். 86 காட்டியது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 தாண்டக் கூடாது என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பேருந்து நிலையத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, தெரியும். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நண்பன் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு பார்த்தபோது 71 காட்டியது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் வரிசையாகக் கேரளா பக்கம் போய்க்கொண்டிருந்தன. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒவ்வொன்றும் ஒரு ‘டொம்’. நண்பனின் மனைவி சொன்னார்: “எங்களுக்கு அது தாலாட்டு மாதிரி ஆயிட்டு. லாரி ஸ்டிரைக் அன்னைக்குத்தான் தூக்கம் வராது.”

ராத்திரிச் சாப்பாடு கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன் – சுசீந்திரம், தேரூர், மணக்குடி

தூங்காத கண்ணோடு காலை ஐந்தரைக்கு சுசீந்திரம் குளம். நீலத் தாழைக்கோழிகள் தாமரை இலை நடுவே பொருமிக்கொண்டிருந்தன. தூரத்தில் கூழைக்கடாக்கள், கரையோரம் நீர்க்காகங்கள். 2022-ல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில் இந்தக் குளமும் இருக்கிறது. ஆனால் குளத்தை ஒட்டியே கன்னியாகுமரி நெடுஞ்சாலை. ஒரு மணி நேரம் பதிவு செய்ததில் வண்டிச் சத்தம் இல்லாமல் கிடைத்த அதிகபட்சம் 19 விநாடி. அந்தப் பத்தொன்பதிலும் பதினேழாவது விநாடியில் நண்பன் தும்மினான்.

பக்கத்துக் கோயிலில் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைப் பார்க்காமல் போனால் பாவம் என்று இழுத்துப்போனான். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நானும் தொப்பையோடு நின்றேன். வழிகாட்டி ஒருவர் விரல் கணுவால் மெல்லத் தட்டிக் காட்டினார். ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுரம். தட்டும்போது கேட்பது ஒரு பங்குதான். காதைக் கல்லில் வைத்தால் சத்தம் அடங்கிய பிறகும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. மைக்கெல்லாம் உள்ளே கொண்டுபோகவில்லை.

அங்கிருந்து தேரூர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். இங்கே சாலைச் சத்தம் கொஞ்சம் விலகுகிறது. அப்பாடா என்று முக்காலியை ஊன்றினால், கன்னிப்பூ அறுப்பு. கதிர் அறுக்கும் மெஷின் வயலில் இறங்கிவிட்டது. அதன் பின்னால் கொக்குகள் ஊர்வலம் போவதுபோல நடந்து பூச்சி பொறுக்கின. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் மைக்கை ரொம்ப நேரம் பார்த்தார்.

“டிவியில வருமா?”

“இல்ல பாட்டா, சத்தம் மட்டும்.”

“மெஷின் சத்தத்தையா எடுக்குதிய? பைத்தியமா உமக்கு?”

பதில் சொல்லத் தெரியவில்லை. மரே ஷேஃபர் என்ற கனடா நாட்டு இசையமைப்பாளர் ஞாபகத்துக்கு வந்தார். 1960-களின் கடைசியில் வான்கூவருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒலி மாசு பற்றி வகுப்பு எடுக்கப் போனவர். இதனால் கெடுதல், அதனால் கெடுதல் என்று பட்டியல் போட்டதில் மாணவர்களுக்கு அலுப்புத்தான் மிஞ்சியது. அப்புறம்தான் திசையை மாற்றி, ஊரின் சத்தங்களை நல்லது கெட்டது என்று பிரிக்காமல் முதலில் உட்கார்ந்து கேட்கச் சொன்னார். ‘சவுண்ட்ஸ்கேப்’ என்ற சொல் பரவியது அவரால்தான். கண்ணுக்கு நிலக்காட்சி போல, காதுக்கு ஒலிக்காட்சி. சரி, மெஷினும் இந்த ஊர் ஒலிக்காட்சியில் உண்டுதானே என்று அதையும் ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டேன்.

மதியம் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம். 2004 சுனாமியில் இங்கிருந்த பாலத்தின் துண்டுகளைத் தண்ணீர் தூக்கி எறிந்தது. இப்போது புதுப் பாலம். ஓரமாக அலையாத்திச் செடிகள். கச்சான் காற்று முகத்தில் மணலை அள்ளிப் போட்டது. இங்கேதான் நான் பெருமையோடு கொண்டுவந்த சாமானை வெளியே எடுத்தேன்: சொந்தமாகச் செய்த நீர் மைக். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடிகார அலாரத்தில் ‘பீப்’ அடிக்கிற பித்தளை வில்லை இருக்கிறதே, பீசோ, இருபது ரூபாய்; அதில் ஒயரைப் பற்றவைத்து, தண்ணீர் புகாமல் பசை பூசியது.

கயிற்றில் கட்டி இறக்கி ஹெட்போனைப் போட்டதும், அம்மா அடுப்படியில் கடுகு தாளிப்பதுபோல ஒரு சடசடப்பு. ஓயாமல், நாலு பக்கமும். அது வெடி இறால். சுண்டுவிரல் நீளம்கூட வராத இறால், ஒரு பெரிய கொடுக்கைப் படக்கென்று மூடும். அந்த வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. உடையும்போதுதான் இந்தச் சத்தம். கரையில் நின்றால் செத்த தண்ணீர் மாதிரி கிடக்கிற கழிமுகம், உள்ளே கல்யாண வீட்டுச் சமையல்கட்டு. பாலத்தில் மீன் கூடையோடு போன அக்காவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இம்புட்டு நாளும் இதும் மேலயா நடந்தோம்?” என்றார். கூடையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

நாலாவது நிமிடத்தில் ‘கொர்ர்’ என்று ஒரு இரைச்சல். அப்புறம் ஒன்றுமில்லை. பசை விட்டுத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முக்காலியில் இருந்த மைக்கின் காற்றுத் தடுப்பை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று இருக்கும். பெருச்சாளி என்று நினைத்திருக்கும். 2400 ரூபாய். கடற்கரை முழுக்கத் துரத்தினோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

ஆறுதலுக்கு ஒரு ஓலைக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். 70 ரூபாய். குழம்பில் குடம்புளி ஏறி நின்றது. இரண்டாவது முறை குழம்பு ஊற்றியதற்குக் கடைக்காரம்மா காசு வாங்கவில்லை. “நாயிகிட்ட பறிகொடுத்த பிள்ளையள்” என்று உள்ளே யாரிடமோ சொன்னது கேட்டது.

சாயங்காலம் தோவாளைப் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் கலைஞர் வீடு. எழுபது வயது இருக்கும். வில்லைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். வயிரம் பாய்ந்த பனை, ஆள் உயரத்துக்கு மேல், நெடுக மணிகள். எனக்கு வில்லைவிடக் குடம்தான் பிடித்தது. வெறும் மண்குடம். வாயில் மட்டையால் அடித்தால் ‘தும்’ என்று அடிவயிற்றில் இறங்குகிறது. விளிம்பில் நாணயத்தால் தட்டினால் ‘கிண்’. இரண்டுக்கும் நடுவே கையை வாயில் வைத்து மூடித் திறக்கிறார், காற்று நெளிகிறது. பேஸ் டிரம்முக்கு என்னென்னவோ மைக் வைத்துப் போராடியிருக்கிறேன். இது நூறு ரூபாய்க் குடம்.

விழிப்புணர்வு நிகழ்ச்சி ஏதும் செய்ததுண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

“நெறைய. மலேரியா, ஓட்டு, மழைநீர், பிளாஸ்டிக். ஆபீஸ்ல இருந்து எழுதித் தருவாவ. இருவது நிமிஷம். அதுல இலவச போன் நம்பர மூணு தடவ சொல்லணும். வில்லுல போன் நம்பர் பாடியிருக்கியளா? நான் பாடியிருக்கேன்.”

ஆறு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தது 3000 ரூபாயாம். அதுவும் எட்டு மாதம் கழித்து. ஆனால் அவர் குறை அதைப் பற்றி இல்லை. கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடியப் பாடும்போது, முன்னால் இருக்கிறவர்களுக்குக் கதை முழுக்கத் தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள், தெரிந்துதான் அழுகிறார்கள். “இது யாரு கதைன்னு தெரியாதவனுக்கு என்னத்தப் பாடினாலும் ஏறாது, கேட்டியளா. குளம் செத்துப் போச்சுன்னு பாடணும்னா, அந்தக் குளத்துல குளிச்சவன் முன்னால பாடணும்.” ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைக் கையில் எடுத்ததைப் பற்றிப் பேச்சு போனது. எழுந்து வர மணி பத்து.

ஆகஸ்ட் 22, வெள்ளி – குலசேகரம், பேச்சிப்பாறை

ஆறு மணிக்குத் தெருவில் குப்பை வண்டி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒரு சினிமா மெட்டில் பாட்டு, கிழிந்துபோன ஒலிபெருக்கியில். தெருநாய்கள் சேர்ந்து ஊளையிட்டன. நண்பன் வீட்டுக் குட்டிப்பெண் பல் தேய்த்துக்கொண்டே முழுப் பாட்டையும் கூடப் பாடினாள். பாடி முடித்து, பற்பசை உறையைச் சன்னலுக்கு வெளியே போட்டாள்.

காரில் போகும்போது இதை வைத்துத்தான் சண்டை. பாட்டால் ஒன்றும் ஆகாது என்றேன் நான். அவன் பதில் சொல்லாமல் டி.எம்.கிருஷ்ணா 2017-ல் பாடிய புறம்போக்குப் பாடலைப் போட்டான். எண்ணூர்க் கழிமுகத்தில் நின்றே பாடிய காணொளி. புறம்போக்கு என்பது எல்லோருக்கும் பொதுவான நிலம். அதை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம் என்று கர்நாடக ராகத்தில் பாடுகிறார். இது வேறு கணக்குடா என்று இறங்கிவந்தேன். அது ஒரு இடத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. குப்பை வண்டிப் பாட்டுக்கு ஊரே கிடையாது. கும்மிடிப்பூண்டியிலும் அதேதான் ஓடும். “அப்ப நேத்து வில்லுக்காரர் சொன்னதத்தான நீயும் சொல்லுக” என்றான். ஆமாம், அதேதான்.

குலசேகரம் தாண்டி ரப்பர்த் தோட்டம். வரிசை வரிசையாக மரம், பச்சை நிழல், காரை விட்டு இறங்கியதும் குளுகுளுவென்று இருந்தது. கண்ணுக்குக் காடு. கண்ணை மூடினால் ஒன்றுமே இல்லை. ஒரு சிலம்பன் குருவியின் சலசலப்பு, எங்கோ ஒரு மரங்கொத்தி, அவ்வளவுதான். அமெரிக்காவில் பெர்னி க்ராஸ் என்ற ஒலிப்பதிவாளர் கலிபோர்னியாவில் லிங்கன் மெடோ என்ற இடத்தை 1988-ல் பதிவு செய்தார். அங்கங்கே மரத்தைத் தேர்ந்தெடுத்து மட்டும் வெட்டுவோம், காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று மரக் கம்பெனி சொல்லியிருந்தது. வெட்டி முடித்த அடுத்த வருடம் அதே நாளில் போய் எடுத்த புகைப்படத்தில் காடு அப்படியே இருந்தது. ஒலிப்பதிவில் பறவைகள் இல்லை; ஓடைத் தண்ணீரும் ஒரு மரங்கொத்தியும்தான் மிச்சம். எனக்கும் ஒரு மரங்கொத்தி வாய்த்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தலைக்கு மேல் ‘டப்’. வெயில் ஏறியதும் ரப்பர்க்காய்கள் வெடிக்க ஆரம்பித்தன. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, ஓட்டு வீட்டில் கல் விழுவதுபோல. வெடித்த கொட்டை இலையில் பட்டு, கிளையில் பட்டு, சருகில் விழும் வரை காது அதைத் தொடர்ந்து போகிறது. நாற்பது நிமிடம் தொந்தரவே இல்லாத பதிவு. இந்தப் பயணத்தின் மிகச் சுத்தமான ஒலி, மனிதன் நட்ட தோட்டத்தில்தான் கிடைத்தது. கொட்டைகள் புலிக்குட்டி மாதிரி வரி வரியாக இருந்தன. நண்பன் ஒன்றைப் பாறையில் சூடு பறக்கத் தேய்த்து என் கையில் வைத்தான். நாற்பத்து மூன்று வயதில் செய்கிற வேலையா இது?

பால் எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். என் செத்துப்போன நீர் மைக்கைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணி கேறப்படாது, அம்புட்டுத்தான? இஞ்ச தாருங்க.”

பையில் புது வில்லை ஒன்று இருந்தது. ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தேன். வடிகட்டிய ரப்பர் பாலில் முக்கி எடுத்தார். சொட்டு நிற்கும்வரை தலைகீழாகப் பிடித்து, வாயால் ஊதி, குமிழிகளைத் துடைப்பங்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி உடைத்தார். காய்ந்ததும் மறுபடி. மூன்று முறை. ‘குமிழி இருந்தா அது வழியா கேறும்’ என்பது அவர் கணக்கு; என் இரண்டாயிரம் ரூபாய் ஆன்லைன் வகுப்பில் சொல்லித்தராத கணக்கு. ஷீட்டுக்குப் புகை போடுகிற அறையில் சாயங்காலம் வரை தொங்கவிட்டார். தேன் நிறத்தில், கொழுக்கட்டை மாதிரி ஒன்று வந்தது. காசு நீட்டினேன்; வாங்கவில்லை. கடல் சத்தத்தை அவருடைய போனுக்கு அனுப்பினால் போதுமாம். கடலைப் பார்த்து ஆறு வருடம் ஆகிறதாம், முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் தூரம்.

அந்த இடைவெளியில் பேச்சிப்பாறை. 1906-ல் கட்டி முடித்த அணை. மேலே காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை. நண்பனுக்குத் தெரிந்த காணிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் டீக்கடைக்கு வந்திருந்தார். பையிலிருந்து கொக்கரையை எடுத்துக் காட்டினார். இரும்புக் குழல், நெடுக வரிவரியாகப் பல். கம்பியால் இழுத்தால் ‘கர்ர்ர் கர்ர்ர்’. நோய் தீரவும் தெய்வத்தைக் கூப்பிடவும் பாடுகிற சாற்றுப்பாட்டுக்கு இதுதான் தாளம். ஒரு தரம் இழுத்துக் காட்டினார். டீக்கடையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். என் கை தானாக ரெக்கார்டருக்குப் போனது.

“எடுக்காண்டாம். இது கேக்கதுக்கு வேற ஆளு உண்டு” என்றார், கோபமே இல்லாமல்.

அணைத்து வைத்தேன். டீ 12 ரூபாய், ரசவடை 10. பெரியவர்தான் காசு கொடுத்தார். விடவே இல்லை.

ஆகஸ்ட் 23, சனி – முட்டத்துக்குப் பக்கத்துக் கடல்

கத்தோலிக்கக் கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே சனிதான் கடைசி வாய்ப்பு. காலை நாலரைக்கு ஒரு ஃபைபர் வள்ளத்தில் ஏறினோம். ஆகஸ்ட் கடல் அடங்காத கடல். முதல் அலையைத் தாண்டும்போது வள்ளம் நட்டமாக நின்றது. மூன்றாவது அலைக்குள் முந்தின ராத்திரி சாப்பிட்ட புட்டும் கடலையும் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. வள்ளத்துப் பாட்டா தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். “மணத்திக்கிட்டே இரு மக்கா. தூரத்தப் பாரு, வெள்ளத்தப் பாக்காத.”

ஒரு மணி நேரம் ஓடி இஞ்சினை நிறுத்தினார்கள். அடியில் பார் இருக்கிறதாம், பாறைத் திட்டு. முட்டம் கலங்கரை விளக்கத்தையும் மலையையும் ஒரே கோட்டில் வைத்து இடம் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குக் கணிச்சம் என்று பெயர். ஜிபிஎஸ்ஸும் இருந்தது. பேரன் அதைப் பார்த்தான், பாட்டா மலையைப் பார்த்தார். இரண்டும் ஒரே இடத்தில்தான் நிறுத்தின.

ரப்பர்க் கொழுக்கட்டையை இறக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. மணக்குடியில் கேட்டதைவிடப் பத்து மடங்கு தாளிப்பு. அதற்குப் பின்னால் ‘டொக் டொக் டொக்’ என்று ஏதோ கதவைத் தட்டுவதுபோல. பாட்டாவுக்கு மாட்டிவிட்டேன். உடனே சொன்னார்: “கத்தாள. கத்துகதனாலதான கத்தாள!” அவர் சொன்ன பெயர்க் காரணம் சரியோ தப்போ, மீன் சரி. கத்தாளை தன் காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து முரசு கொட்டுகிற சாதி. இவருடைய அப்பா காலத்தில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பிடியைக் காதில் வைத்து மீனைக் கேட்பார்களாம். செய்து காட்டினார். நானும் காதை வைத்தேன். மரத்தின் வழியாக அதே தாளிப்பு, மெல்லியதாக. இருபது ரூபாய் பீசோ, மூன்று முக்கு ரப்பர், முப்பத்தையாயிரம் ரூபாய் ரெக்கார்டர் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையை ஒரு துடுப்பு செய்தது.

அப்புறம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒரு உறுமல். சுற்றிலும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் விசைப்படகு ஒன்று அடிவானத்தில் புள்ளியாக வந்தது. தண்ணீரில் ஒலி விநாடிக்கு 1500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைவிட நாலு மடங்கு வேகம். அதோடு ரொம்ப தூரம் மங்காமலும் போகும். நமக்குத் தெரிவதற்கு முன்பே மீனுக்குத் தெரிந்துவிடுகிறது. பாட்டா ஹெட்போனைக் கழற்றிப் பேரனிடம் கொடுத்தார். அவன் கேட்டுவிட்டு நம் வள்ளத்தின் சொந்த இஞ்சினை ஒரு பார்வை பார்த்தான்.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நடந்த ஒரு சோதனையைச் சொன்னேன். செத்துப்போன பவளத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஸ்பீக்கர் வைத்து, ஆரோக்கியமான திட்டின் சத்தத்தை நாற்பது நாள் ஒலிக்கவிட்டார்கள். ஸ்பீக்கர் இல்லாத இடத்தைவிட இரண்டு மடங்கு மீன் வந்து சேர்ந்தது. 2019-ல் வெளியான ஆய்வு.

“மைக் செட்டு போட்டு மீனக் கூப்பிட்டானா?” என்றார் பாட்டா. வள்ளமே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, ஒக்கிப் புயல் அன்றைக்குக் காற்றின் சத்தம் வேறு மாதிரி இருந்தது என்றார். விசில் மாதிரி இல்லை, கனமாக, லாரி மலையேறுவது மாதிரி. 2017 நவம்பர் கடைசி. அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மீன் குறைவு. கொஞ்சம் அயிலை, நாலு கணவாய். எனக்கும் பங்கு வைத்தார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு – மண்டபம்

ஆவணி ஞாயிறு. நாகராஜா கோயில் பக்கம் பாலும் மஞ்சளுமாக ஊரே திரண்டிருந்தது, கார் நகரவில்லை. ராத்திரி முழுக்க எடிட்டிங். நாய் கொண்டுபோன காற்றுத் தடுப்புக்குப் பதிலாக நண்பனின் மனைவி குட்டிப்பெண்ணின் பழைய கரடிப் பொம்மையை உரித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். ஒரு காது மட்டும் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

மண்டபத்தில் அறுபது பிள்ளைகள், பின்வரிசையில் சில பெரியவர்கள், பாதர். சன்னல்களைச் சாத்தி, ஒரே ஒரு ஸ்பீக்கர், குறைந்த சத்தம். கேட்க வேண்டுமென்றால் அவர்களே அமைதியாக வேண்டும்; அதுதான் திட்டம். சுசீந்திரம் தாழைக்கோழி வந்தது, அடக்கமாகச் சிரித்தார்கள். ரப்பர்க்காய் வெடித்தது, ஒருவருக்கும் புரியவில்லை. மலைப் பக்கத்துச் சத்தம் கடல் பிள்ளைகளுக்கு வெளிநாடு. தாளிப்பு வந்ததும் “மழை!”, “சிப்ஸ் கடை!” என்று கத்தினார்கள். நான் உருகி உருகிக் கோத்த இடங்கள் எல்லாம் இப்படிப் போயின.

விசைப்படகு உறுமல் வந்ததும்தான் மண்டபம் நிமிர்ந்தது. எனக்கு அது வில்லன். அவர்களுக்கு அது வீடு. “இது சின்ன இஞ்சின் இல்ல.” “எங்க சித்தப்பா போட் இப்படித்தான் கெடந்து இரையும்.” அடுத்து எங்கள் வள்ளத்து இஞ்சின். ஒரு பையன் எழுந்து இன்னாருடைய வள்ளம் என்று ஆளையே சொல்லிவிட்டான். கைதட்டல். பாட்டாவின் பேரன் அப்போது முன்னால் வந்து, இஞ்சின் நின்றபிறகு கேட்கிற அந்தக் கத்தாளையை மறுபடி போடச் சொன்னான். இந்த முறை மண்டபத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ‘டொக் டொக் டொக்.’ மூன்றாவது முறையும் போடச் சொன்னார்கள்.

திமிங்கிலக் கதையும் சொன்னேன். 1970-ல் ரோஜர் பெய்ன் கூனல் திமிங்கிலங்களின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். அதுவரை எண்ணெயாக மட்டும் தெரிந்த பிராணி பாடகனாகிவிட்டது. 1982-ல் வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்தச் சர்வதேச ஆணையம் வாக்களித்தது, 1986-ல் நடைமுறைக்கு வந்தது. பாட்டு ஒன்றே காரணம் என்று சொன்னால் பொய். ஆனால் ஊர்வலம் போனவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். “நம்ம கடல்ல பாடுமா?” என்று ஒரு சிறுமி. பாடும். 2011-ல் கொல்லத்துக்கு அருகே கடலடியில் வைத்த மைக்கில் பதிவாகியிருக்கிறது. “கொல்லமா? எங்க அப்பா அங்க போவாரே!” என்றாள். அப்பாவிடம் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் பாதியிலேயே ஓடிப்போனாள்.

முடிந்தது என்று சன்னலைத் திறக்கப் போனபோது வள்ளத்துப் பாட்டா பின்வரிசையிலிருந்து எழுந்தார். இஞ்சின் வருவதற்கு முன்னால் கடலில் என்ன சத்தம் என்று யாரும் கேட்கவில்லையே என்றார். கரையில் நின்று கரமடி வலையை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு. கயிறு இழுப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு தொடங்கினார். ‘ஏலேலோ’ என்று அவர் எடுக்க, பின்வரிசைக் கிழவர்கள் நாலு பேர் தன்னையறியாமல் ‘ஐலசா’ என்றார்கள். பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்கியது, சுருதி அலைந்தது. ஆனால் இழுப்பு மட்டும் ஒரு இடத்திலும் தப்பவில்லை. ஆறு வரி, ஏழு வரி. சட்டென்று நிறுத்திவிட்டார்.

“மிச்சத்தையும் பாடுங்க பாட்டா!”

பாதரை ஒரு பார்வை பார்த்தார். “மிச்சம் இஞ்ச பாடக்கூடாது மக்களே. கடக்கரைக்கு வாருங்க.” பாதரே முதலில் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிவிட்டு, வலைக்கூடத்துக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து பாட்டா மிச்சத்தையும் பாடினார். கரடிக் காது மைக்கில் இருபத்தாறு நிமிடம். காற்று இருந்தது, சிரிப்பு இருந்தது, தூரத்தில் எங்கோ ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’யும் இருந்தது. வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வரிகளை இங்கே எழுத முடியாது.